உலர் உடையும் உள்ளே அணியும் கம்பளியும்

குளிர்ந்த நீரில் முக்குளிப்பவர்கள் அணியும் நீர்புகா உடை உலர் உடை எனப்படும். டிரை சூட் என்ற பெயரே புழக்கத்தில் மிகுதி. மெல்லிய ரப்பர் துணியாலான உலர் உடை தண்ணீரைத் தடுக்குமே தவிர, உடலைச் சூடாக வைத்திருக்காது. அந்த வேலையைச் செய்வது உள்ளுடையின் இழைகளுக்கிடையே அசையாமல் தங்கும் காற்றுதான். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். உள்ளே இருக்கும் காற்றை இழந்தவருக்கு முதலில் விரல்கள் மரத்துப்போகும். வால்வைத் திருகவும் கொக்கியைக் கழற்றவும் இயலாது. அதன்பின் சிந்தனை மங்கும். நீருக்கடியில் இவ்விரண்டும் உயிருக்கு ஆபத்தானவை.

பம்பும் கம்பளியும்

பின்லாந்தின் ராகே நகர அருங்காட்சியகத்தில் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கன்றுத்தோல் உடை ஒன்று உள்ளது. இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய முக்குளிப்பு உடை இதுவே எனக் கருதப்படுகிறது. நீர் கசியாதிருக்க அதன் தோலில் விலங்குக் கொழுப்பும் தாரும் கலந்து பூசப்பட்டன.

சார்லஸ் மக்கின்டாஷ் 1823இல் ரப்பர் பூசிய துணிக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகைய துணியைச் செம்புத் தலைக்கவசத்துடன் இணைத்து, லண்டனில் அகஸ்டஸ் சீபே 1830களில் மூடிய உடையை உருவாக்கினார். 1782இல் மூழ்கிய ராயல் ஜார்ஜ் என்ற போர்க்கப்பலின் சிதைவுகளை அகற்றும் பணி, கர்னல் பேஸ்லியின் தலைமையில் 1839இல் தொடங்கியது. இவ்வுடை அங்கே நீண்ட சோதனைக்கு உள்ளானது. பழகிய முக்குளிப்பவர்களில் ஒருவர்கூட மூட்டுவலிக்கும் குளிருக்கும் தப்பவில்லை என்று பேஸ்லி பதிவு செய்தார். அந்த மூட்டுவலி, அழுத்தம் குறையும்போது உடலுக்குள் வாயுக் குமிழிகள் உண்டாவதால் வரும் நோய் என்பது பிற்காலத்தில்தான் புரிந்தது. அன்று பழி முழுவதும் குளிரின்மேல் விழுந்தது.

இவ்வுடைக்குள் கம்பளிச் சட்டைகள், கம்பளிக் காலுறைகள், கம்பளித் தொப்பி ஆகியவற்றை அடுக்கடுக்காக அணிந்தனர். மேலிருந்து பம்பு இடைவிடாமல் காற்றை அனுப்பியதால் மார்புப் பகுதியில் கம்பளி நசுங்கவில்லை. கால்களை மட்டும் நீர் இறுக்கியது. ஆனால் வெப்பத்துக்காகக் காற்றை அளவுக்கு மீறி வைத்துக்கொள்ளவும் முடியாது. உடை ஊதிப் பெருத்தால் முக்குளிப்பவர் கட்டுப்பாடின்றி மேலே வீசப்படுவார்.

பம்பு இல்லாத காலம்

1943இல் கூஸ்டோவும் கக்னானும் உருவாக்கிய அக்வாலங் கருவி முக்குளிப்பவரைக் குழாயிலிருந்து விடுவித்தது. ஆனால் குழாயோடு உடைக்குள் வந்த காற்றும் நின்றது. 10 மீட்டர் ஆழத்தில் உடைக்குள் உள்ள காற்றின் கொள்ளளவு பாதியாகிறது. 30 மீட்டரில் கால்பங்காகிறது. கம்பளி தட்டையாகி வெப்பம் வெளியேறும். ரப்பரின் மடிப்புகள் தோலைக் கவ்வித் தழும்பிடும். எவ்வளவு தடித்த உள்ளுடை அணிந்தாலும், மிகுதியாகத் தேவைப்படும் ஆழத்தில்தான் அது கைவிட்டது.

1952 வாக்கில் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் வேறு வழியில் சிந்தித்தார். சிறிது நீர் உள்ளே வந்தாலும் பரவாயில்லை, நியோப்ரீன் நுரைக்குள் அடைபட்ட குமிழிகளே வெப்பத்தைக் காக்கட்டும் என்பது அவர் கருத்து. இதிலிருந்து பிறந்த ஈர உடை எளிமையால் உலகெங்கும் பரவியது. எனினும் ஆழத்தில் அக்குமிழிகளும் சுருங்கின.

சிக்கலுக்கு விடை சுவீடனில் கிடைத்தது. கோதன்பர்க் நகரின் பொசைடன் நிறுவனம் 1960களில் யூனிசூட் என்ற உலர் உடையை வெளியிட்டது. காற்றுப்புகா ஜிப், உருளையிலிருந்து உடைக்குக் காற்றேற்றும் வால்வு, அதை வெளியேற்றும் வால்வு ஆகியவை அதில் இருந்தன. பழைய பம்பு செய்த வேலையை இப்போது ஒரு பொத்தான் செய்தது. கீழே இறங்க இறங்கச் சிறிது காற்று விட்டால் உள்ளுடை மீண்டும் உப்பி நிற்கும்.

வாயுவும் மின்சாரமும்

அதன்பின் கவனம் உள்ளுடையின் பக்கம் திரும்பியது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடப்பதால் பயன்படாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். 1979இல் 3எம் நிறுவனம் சந்தைப்படுத்திய தின்சுலேட் போன்ற நுண்ணிழைகள் குறைந்த பருமனில் அதே வேலையைச் செய்தன.

எந்த வாயுவை உடைக்குள் விடுவது என்பதும் கேள்வியானது. ஆழ்கடலில் சுவாசிக்கும் ஹீலியம், காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வெப்பம் கடத்தும். 1979இல் வடகடலில் முக்குளிப்பு மணிக்குள் சிக்கிய இருவர் குளிரால் இறந்தனர். அவர்களைச் சூழ்ந்திருந்ததும் ஹீலியக் கலவைதான். ஆகவே ஹீலியக் கலவையுடன் இறங்குவோர் உடைக்கென ஆர்கான் உருளையைத் தனியாகச் சுமக்கத் தொடங்கினர். ஆர்கானின் வெப்பக் கடத்துத்திறன் காற்றினுடையதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆனாலும் 2001இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், காற்றுக்கும் ஆர்கானுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நல்ல உள்ளுடைக்கு ஆகும் செலவு அதைவிடப் பயனுள்ளது எனலாம்.

இன்று பேட்டரியால் சூடேறும் உள்ளங்கிகள் கிடைக்கின்றன. அவற்றால் பேஸ்லி காலத்து வலி புதிய வடிவில் திரும்பிவந்துள்ளது. அமெரிக்கக் கடற்படை 2007இல் வெளியிட்ட சோதனைகளின்படி, அடியில் சூடாக இருந்து, மேலேறும்போது குளிர்ந்தவர்களுக்குக் குமிழி நோய் வரும் வாய்ப்பு கூடுதல். சூடான உடல் அடியில் அதிக வாயுவை ஏற்கிறது. குளிர்ந்த உடல் அதை மெதுவாகவே வெளியேற்றுகிறது. ஆழத்தில் நன்றாக வேலை செய்துவிட்டு ஏறும் வழியில் தீர்ந்துபோகும் பேட்டரி, தொடக்கத்திலிருந்தே சூடாக்காத உடையைவிட ஆபத்தானதாக அமையலாம்.