பன்னிரண்டு முதலிமாரின் கையெழுத்து

முன்னூறு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க நினைத்தவர், முதலில் தம் உடன்பிறந்தாரையும் நெருங்கிய உரித்தாளிகளையும் கேட்க வேண்டும். ஒரு பாத்திரத்தில் மஞ்சள் கரைத்த நீர் வைப்பார்கள். சம்மதிக்கிறவர்கள் அதில் விரல் தோய்ப்பார்கள். பிறகு சாட்சிகளின் முன்னிலையில் தத்தெடுப்பவர் அந்த நீரைக் குடிப்பார். அன்றிலிருந்து பிள்ளைக்கு இந்த வீட்டில் உரித்து உண்டு. பெற்ற வீட்டில் இல்லை. எழுத்து இல்லை, முத்திரை இல்லை. கூடியிருந்தவர்களின் நினைவே உறுதி.

இது நமக்குத் தெரிவது ஒரு ஒல்லாந்த அதிகாரியால். யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி இங்குள்ள வழமைகளைத் தொகுத்து 1707 ஜனவரியில் கையளித்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமார் முன் வைக்கப்பட்டது. அவர்கள் படித்து, நாட்டில் உள்ளது இதுதான் என்று கையெழுத்திட்டார்கள். அதுவே தேசவழமை.

யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் உறுதி எழுதிப் பழகியவள் நான். மகளுக்குக் கலியாணத்தில் கொடுக்கும் சீதனம், பரம்பரையாக வரும் முதுசம், மணவாழ்வில் ஈட்டும் தேடிய தேட்டம் என்ற மூன்று சொற்களும் தினமும் என் கையில் புழங்கியவை. எந்தக் காணி எந்த வகை என்று தெரியாமல் ஒரு உறுதியையும் முடிக்க முடியாது. ஆனாலும் ஐசாக்ஸின் தொகுப்பை முழுவதுமாக ஊன்றிப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த மனிதர் சட்டம் இயற்றவில்லை. தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதினார். எல்லை தாண்டிச் சாய்ந்த மரத்தின் காய் யாருக்கு, ஒற்றி வைத்த காணியை எப்படி மீட்பது, இரவல் வாங்கிய மாடு செத்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக விவரிக்கிறார்.

அதைவிட முக்கியமாக, மாறியதையும் மாறியது என்றே எழுதுகிறார். ஆதியில் பெண்மக்களுக்குத் தாயின் சீதனத்திலிருந்தும், ஆண்மக்களுக்குத் தகப்பனின் முதுசத்திலிருந்தும் சொத்துச் சேர்ந்தது. பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், காலத்தில் அந்தப் பிரிவு குலைந்து, இருவர் சொத்திலிருந்தும் மகளுக்குச் சீதனம் கொடுக்கும் வழக்கம் வந்தது என்கிறார். பறங்கியர் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1619 முதல் 1658 வரை, நாற்பது ஆண்டுகூட நிறையவில்லை. அதற்குள் சொத்துரிமையின் முதுகெலும்பே வளைந்திருக்கிறது. வழமை என்பது அசையாத கல் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு பக்கம் போதும்.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம், யாழ்ப்பாண மாகாணத் தமிழரின் வழக்குகளை இந்தத் தொகுப்பின்படியே தீர்க்க வேண்டும் என்று ஆணையிட்டது. அன்றோடு விவரணை விதியாயிற்று. ஏட்டில் இருந்த வரிகளில் ஒன்றும் மாறவில்லை. அவை செய்யும் வேலை மாறிவிட்டது. முன்பு அவை ஊரைப் பார்த்து எழுதப்பட்டவை. இனி ஊர் அவற்றைப் பார்த்து நடக்க வேண்டும்.

உள்ளது என்ன, இருக்க வேண்டியது என்ன என்ற இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒவ்வொரு துறையும் தனித்தனியே பாடுபட்டிருக்கிறது. தத்துவத்தில் டேவிட் ஹியூம் 1740இல் எச்சரித்தார்: உலகம் எப்படி இருக்கிறது என்று பேசிவந்தவர்கள், காரணம் சொல்லாமலே எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தாவிவிடுகிறார்கள் என்று. பொருளியலில் ஜான் நெவில் கெய்ன்ஸ், புகழ்பெற்ற கெய்ன்ஸின் தகப்பனார், 1891இல் உள்ளதை ஆராயும் அறிவு, இலட்சியத்தை ஆராயும் அறிவு, அதை அடையும் வழிமுறை என மூன்றாகப் பகுத்தார். நீதிமன்றங்களுக்கு இது ஏட்டு விவாதமாக இருக்கவில்லை. சொத்து கைமாறும் விவகாரமாக இருந்தது.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் சிக்கல் தலைகீழாக இருந்தது. ராமநாதபுரம் சேதுபதியின் விதவை, இறந்த கணவரின் அனுமதி இல்லாமல், உறவினர் சம்மதத்தோடு பிள்ளையைத் தத்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1868இல் தத்து செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம், எழுதப்பட்ட நூலை வெல்லும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். மதுரை வரலாறு எழுதிய ஜே. எச். நெல்சன் 1877இல் இன்னும் கடுமையாகக் கேட்டார்: சமஸ்கிருத நூல்களை அறியாமலே வாழ்ந்த மக்கள்மேல் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றைச் சுமத்துவது எந்த நியாயம்? தீர்ப்பு அப்படி இருந்தும், அங்கே நூல் வழக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. இங்கே வழக்கமே நூலாகித் தன் பிள்ளைகளின் மேல் ஏறி உட்கார்ந்தது.

அதன் பாரத்தை நான் கந்தோர் மேசையில் கண்டிருக்கிறேன். மனைவி கணவனின் விருப்பத்துக்கு அடங்கியவள், அவன் சம்மதமின்றி எதையும் கொடுக்க முடியாது என்ற கருத்து 1707 தொகுப்பிலேயே இருக்கிறது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கியது: தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ நன்கொடை எழுதவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. 1923இல் இலங்கையின் மணமான பெண்களுக்குச் சொத்துரிமைச் சட்டம் வந்தபோது, தேசவழமைப் பெண்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி பெறலாம் என்று அந்த 1911 சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்தது. உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு அந்தக் கதவில் எத்தனை பெண்கள் வந்து நின்றார்கள்! தாய் தந்த சீதனக் காணி, பெயர் அவளுடையது, உறுதி அவள் கையில். கணவன் காணாமல் போய்விட்டான். மகளின் கலியாணத்துக்காகத் துண்டு நிலத்தை விற்க வந்தவளிடம், அவர் உயிரோடு இல்லை என்று எழுத மனம் வருமா, அல்லது இருக்குமிடம் தெரியாது என்று எழுதலாமா என்று கேட்க வேண்டியிருந்தது. பதில் சொல்ல முடியாமல் அவள் அழுதாள். இதை வழமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர்கள் முதலிமார்; நிலமும் பதவியும் உள்ள ஆண்கள். தொகுப்பில் கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று அடிமைகளைப் பற்றி ஒரு பகுதியே உண்டு. அவர்களில் ஒருவரையும் அழைத்து இது உண்மையா என்று யாரும் கேட்கவில்லை. சீதனம் கொண்டுபோன பெண்களில் ஒருவரையும் கேட்கவில்லை. அடிமைமுறை இலங்கையில் 1844இல் சட்டப்படி ஒழிந்தது. அந்தப் பகுதி செத்த எழுத்தாயிற்று. வழமை என்பதற்காக அதை யாரும் காப்பாற்றி வைக்கவில்லை. ஆகவே வழமையில் எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று நாம் எப்போதும் தீர்மானித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறோம். பெண்ணின் கையெழுத்து என்று வரும்போது மட்டும், முன்னோர் செய்தது என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

தேசவழமையை எரித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மகளுக்குக் காணி கொடுக்கும் பண்பும், தேடிய தேட்டத்தில் மனைவிக்குப் பாதி என்ற நியாயமும் அதில் உண்டு. பல சமூகங்களில் கிடைக்காத பாதுகாப்பு அது. நான் கேட்பது, ஐசாக்ஸ் செய்த வேலையை நாமே இன்னொரு முறை செய்ய வேண்டும் என்பதுதான். இன்றைய யாழ்ப்பாணத்தில் காணி எப்படிக் கைமாறுகிறது, சீதனத்தை உண்மையில் யார் ஆளுகிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் பங்கை யார் பராமரிக்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுத வேண்டும். எழுதியதை முதலில் பெண்களிடமும் காணியற்றவர்களிடமும் படித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு எது சட்டமாக வேண்டும் என்று தனியாக, வெளிப்படையாக, காரணம் சொல்லி விவாதிப்போம். அந்த விவாதத்தில் வழமை ஒரு சாட்சியாக வரட்டும். நீதிபதியின் ஆசனம் அதற்குரியதல்ல.