டீசல் ஸ்விஃப்ட் ஏன் வருவதில்லை? பழைய வண்டி என்ன ஆகும்?

புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் வழியாக தினமும் திருச்சி போய்வருபவர்களுக்கு டீசல் ஸ்விஃப்ட், டிசையர் மீது தனிப் பிரியம். எல்லாம் மைலேஜ்தான். இப்போது ஷோரூமில் கேட்டால், "டீசல் இல்ல சார்!"

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 விதி. டீசல் கார் கிலோமீட்டருக்கு வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமானது. புகைக்கரிக்கும் கிடுக்கிப்பிடி. இதற்கான கருவிகளின் செலவை சின்ன கார் தாங்காது என்று மாருதி டீசலையே கைவிட்டது. 2023-ல் சாலையில் ஓட்டிப் பார்க்கும் சோதனையும் கட்டாயமாக, ஐ20 டீசலும் போனது.

மிச்சம் இருப்பது? குளோபல் என்கேப் சோதனையில் 5 ஸ்டார் வாங்கிய டாடா அல்ட்ராஸ், 2025 புது மாடலிலும் 1.5 லிட்டர் டீசலில் கிடைக்கிறது. ஆனால் ஒன்று: கீழராஜ வீதிக்குள்ளேயே சுற்றினால் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கரி எரிய இன்ஜின் நன்றாகச் சூடாகணும். அவ்வப்போது நீண்ட ஓட்டம் வேணும்.

பழைய டீசல் வண்டிக்காரர்கள் பயப்பட வேண்டாம். 10 வருஷக் கட்டுப்பாடு டெல்லி சுற்றுவட்டாரத்துக்குத்தான். இங்கே 15 வருஷம் முடிந்தாலும், தகுதிச் சோதனையில் தேறினால் ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம்.