தோட்டத்துத் தாதியின் கோரிக்கை எந்த மன்றத்துக்குப் போக வேண்டும்?

பகாவ், தம்பின், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் எந்தக் கர்ப்பிணி பரிசோதனைக்கு வரவில்லை, எந்தக் குழந்தையின் எடை ஏறவில்லை என்பது கிராமக் கிளினிக்கின் தாதிக்குத்தான் முதலில் தெரியும். தமிழ்ப்பள்ளிக்குத் தடுப்பூசி போடப் போகும்போது பள்ளியின் நிலையையும் அவரே பார்க்கிறார். பார்த்ததை மாற்ற வேண்டுமென்றால் யாரிடம் சொல்வது? "ஒய்பியிடம் சொல்லுங்கள்" என்போம். சட்டமன்ற உறுப்பினரும் நமக்கு ஒய்பிதான், நாடாளுமன்ற உறுப்பினரும் ஒய்பிதான். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணை, அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. மருத்துவமும் கல்வியும் மத்திய அரசாங்கத்தின் பட்டியலில் உள்ளன. ஆகவே கிளினிக்குக்குக் கூடுதல் தாதி வேண்டும், பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்று சிரம்பானில் உள்ள சட்டமன்றத்தில் எவ்வளவு உரக்கக் கேட்டாலும் முடிவு புத்ராஜெயாவில்தான். அதற்காக மாநிலம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பொதுச் சுகாதாரம், துப்புரவு, நோய்த்தடுப்பு ஆகியவை இரு தரப்புக்கும் பொதுவான பட்டியலில் இருக்கின்றன. நிலமும் மாநிலச் சாலைகளும் மாநிலத்தின் பொறுப்பு. தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிக்குச் சொந்த நிலம் என்ற பேச்சு வந்தாலே மாநில அரசின் கதவைத் தட்டியாக வேண்டும்.

தோட்டத்தில் சுகாதாரம் என்பது முதலில் முதலாளியின் கடமையாகவே சட்டத்தில் எழுதப்பட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும். மருந்துக்கு 'டிரெஸ்ஸர்' இருந்தார், கைக்குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. அந்த மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. இன்று நடப்பில் இருப்பது 446ஆவது சட்டம். 1990இல் இயற்றப்பட்ட இச்சட்டம் குடியிருப்பு, குழந்தைக் காப்பகம், மருத்துவ வசதி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கிறது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் மற்றத் தொழில்துறைகளின் தங்குமிடங்களையும் உள்ளடக்கியது. இதை அமலாக்குவது தொழிலாளர் இலாகா. அதுவும் மத்திய அரசாங்கத்துடையது. லயத்து வீட்டின் ஒழுகும் கூரைக்காகச் சட்டமன்ற உறுப்பினரைத் தேடி அலைவதைவிட, அந்த இலாகாவுக்கு எழுத்துபூர்வமாகப் புகார் செய்வதே குறுக்கு வழி.

தாதியே வாய் திறந்து பேசலாமே என்றால், அதற்கும் கட்டுப்பாடு உண்டு. 1993ஆம் ஆண்டுப் பொதுச்சேவை ஒழுங்கு விதிகளின்படி, அரசுத் தாதி ஒருவர் அரசாங்கக் கொள்கைக்குப் பாதகமான கருத்தைப் பொதுவில் சொல்ல முடியாது. ஊதியம் தரும் அரசுப் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராகவும் இருக்க முடியாது. தேர்தலில் நிற்க வேலையை விட வேண்டும். எஞ்சியிருக்கும் வழி தொழிற்சங்கம். வார்டு தாதியருக்கு வாரம் 45 மணி நேர வேலை என்ற ஏற்பாடு 2024 டிசம்பரில் தொடங்கவிருந்தபோது, தாதியர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது, அமலாக்கம் தள்ளிவைக்கப்பட்டது. தனி ஒரு தாதி பேசியிருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம்தான் வந்திருக்கும்.

மாநில மன்றங்களே சுகாதாரத்தை முடிவு செய்யும் நாடுகளில் நிலைமை வேறு. ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று வரம்பு கட்டும் சட்டத்தை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1999இல் நிறைவேற்றியது. அதற்குப் பின்னால் இருந்தது அங்குள்ள தாதியர் சங்கத்தின் பல ஆண்டு உழைப்பு. அந்த வரம்பு 2004இல் நடப்புக்கு வந்தது. மனநலத் தாதியாக இருந்த எடி பெர்னிஸ் ஜான்சன் 1972இல் டெக்சஸ் மாநில மன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். கேரளத்தில் தனியார் மருத்துவமனைத் தாதியருக்கு மாதம் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்று மாநில அரசு 2018இல் அறிவித்ததும் நீண்ட போராட்டத்திற்குப் பிறகுதான். இந்த உதாரணங்களைக் காட்டி நெகிரி செம்பிலான் சட்டமன்றத்திடம் அதையே கேட்பது பொருந்தாது. அந்த அதிகாரம் அதனிடம் இல்லை.

இருக்கும் அதிகாரத்தைக் கேட்டு வாங்கலாம். மன்றத்தில் 36 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது விதி. உறுப்பினர் எழுப்பும் கேள்விக்கு மாநில ஆட்சிக்குழு பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் பதிவாகும். "எங்கள் தோட்டத்தில் வசதியில்லை" என்ற பொத்தாம்பொதுவான மனு அங்கே எடுபடாது. கிளினிக்குக்குப் போகும் சாலை எத்தனை கிலோமீட்டர், அது மாநிலச் சாலையா, தோட்டத்தின் சொந்தச் சாலையா, மழைக்காலத்தில் எத்தனை நாள் மூடப்படுகிறது என்று எழுதிக் கொடுத்தால் கேள்வி தானாக உருவாகிவிடும். சாலை தோட்டத்துடையது என்றால் மாநிலம் செலவழிக்கத் தயங்கும். அப்போது அதைக் கையகப்படுத்த முடியுமா என்பதே கேள்வியாக வேண்டும்.

நோயாளிகளின் பெயரையோ கிளினிக்கின் பதிவேட்டையோ பணியில் உள்ள தாதி வெளியே கொடுக்கக்கூடாது. சாலையையும் தண்ணீரையும் பற்றிய விவரங்களைக் குடியிருப்பாளர்களே திரட்டலாம். பள்ளி நிலம் பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எழுதலாம். பணி ஓய்வு பெற்ற தாதியர் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மனுவை எழுதும் நாளில் அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.