கவலையிலிருந்து மோட்டார் வரை: கோயமுத்தூரும் நம்ம ஊர்களும்

"டவுனு கெட்டுப் போச்சு, கிராமம்தான் சொர்க்கம்"னு டீக்கடையில் பேசுறது நம்ம பக்கம் வழக்கம். அப்படிப் பேசினவரே அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு காந்திபுரம் போவார். அதைப் பார்த்துச் சிரிக்கிறவங்க உண்டு. எனக்கு அதில் முரண்பாடு ஒண்ணும் தெரியலைங்க. கோயமுத்தூர் வளர்ந்த கதையைப் பார்த்தால், அது நம்ம காடு தோட்டத்திலிருந்து எழும்பின நகரம். அங்கே செஞ்ச சாமான்தான் திரும்பி வந்து நம்ம விவசாயத்தை மாற்றியது.

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. வருஷம் முழுக்க ஓடும் பெரிய ஆறு எல்லா ஊருக்கும் கிடையாது. கிணறுதான் கதி. கிணற்று மேட்டில் காளைகளைப் பூட்டி, சாலைக் கட்டி, வாரியில் இறக்கி ஏற்றி கவலை ஓட்டுவார்கள். விடியும் முன்னே ஆரம்பித்தாலும் ஒரு நாளைக்குப் பாய்ச்ச முடிந்தது கொஞ்சம்தான். அந்தத் தண்ணீரில்தான் பருத்தி வெள்ளாமை நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்ததும் கிணற்றுப் பாசனமுள்ள செம்மண் காடுகளிலும் பருத்தி பரவியது.

அதுக்கு முன்பே, 1888-இல், ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயமுத்தூரில் நூற்பாலை தொடங்கியிருந்தார். பின்னால் ஆலை வைத்தவர்களில் பலர் பருத்தி விளைவித்த, பருத்தி வியாபாரம் செய்த குடும்பத்துக்காரர்கள். இன்னைக்கு விமான நிலையத்துக்குப் போற வழியில் இருக்கும் பீளமேடு அப்போது தனி கிராமம். பூளைமேடு என்பது பழைய பெயர். காப்புக் கட்டுக்கு நாம தேடுற அதே பூளைப்பூதாங்க. அந்த ஊர் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நால்வர். சொத்தைப் பிரிக்கும்போது நாலு பங்கு போடாமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை 1926-இல் தர்மத்துக்கு எழுதி வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் பி.எஸ்.ஜி. கல்வி நிலையங்கள்.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நீலகிரித் தண்ணீரில் பிறந்த கரண்ட் கோயமுத்தூருக்கு வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலை இருந்தால் ரிப்பேர் பட்டறை வேணும். பட்டறை இருந்தால் வார்ப்படச் சாலை வேணும். அங்கே வேலை கற்றவர்கள் கிணற்றைப் பார்த்தார்கள். கலங்கலில் விவசாயக் குடும்பத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் பீளமேட்டில் மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் முதலில் தயாரான மோட்டார்களில் அது ஒன்று. பிறகு நூற்றுக்கணக்கான பட்டறைகளில் மோட்டாரும் பம்பும் உருவாகி நாடு முழுக்கப் போயின. கவலை ஓட்டின காளைகளுக்கும் மனுசனுக்கும் விடுதலை கிடைத்தது அந்தப் பட்டறைகளால்தான். மாவாட்டும் கிரைண்டரும் கோயமுத்தூர் சரக்கு. ஆட்டுக்கல்லைச் சுத்தின நம்ம வீட்டுப் பொம்பளைங்களிடம் கேட்டால் நகரத்தின் அருமையைச் சொல்வார்கள்.

விதைக்கும் இதே கதை. சைதாப்பேட்டையிலிருந்த விவசாயக் கல்லூரி 1906-இல் கோயமுத்தூருக்கு வந்தது. 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்தது. அங்கே வெங்கடராமன் வெள்ளைக் கரும்பையும் காட்டு நாணலையும் ஒட்டி எடுத்த 'கோ 205' ரகம் 1918-இல் வட இந்தியக் காடுகளுக்குப் போனது. அந்தக் 'கோ' கோயமுத்தூரைக் குறிக்கும். நாம் நடவு போடும் 'கோ 86032' அதே நிலையத்துப் பிள்ளைதான்.

சரி, வேலைக்கும் சாமானுக்கும் மட்டுமா நகரம்? சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் வெரைட்டி ஹால் கட்டிப் படம் காட்டினார். ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பஸ் போக்குவரத்து பெருகப் பெருக, கிராமத்து ஆள் சாயங்காலம் படம் பார்த்து, ஓட்டலில் ஒரு காப்பி குடித்து, பலதரப்பட்ட சனங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடிந்தது. நீ யார் வீட்டுப் பையன், என்ன சாதி என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்காத ஒரு தெருவில் நடப்பதே பலருக்குப் பெரிய நிம்மதி. கிராமத்தைக் கொண்டாடும்போது நாம மறந்துவிடுகிற விஷயம் இது. கிராமத்திலிருந்து ஆலை வேலைக்குப் போனவர்கள் அறுவடைக்கும் நோம்பிக்கும் ஊர் வந்தார்கள். ரெண்டு இடமும் அவர்களுக்குச் சொந்தம்.

உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததில்லை. மோட்டார் வந்ததும் விவசாயியின் கழுத்து மின்கட்டணத்தில் மாட்டியது. 1970-இல் யூனிட்டுக்கு 8 காசாக இருந்தது 10 காசானபோது வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் போராட்டம் வெடித்தது. பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் 3 விவசாயிகள் இறந்தார்கள். 1972-இல் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கோயமுத்தூருக்குள் ஓட்டிவந்து நிறுத்த, நகரமே நின்றுபோனது. கடைசியில் 1990-இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. அதற்கும் ஒரு விலை இருந்தது. மோட்டார் ஓட ஓட நீர்மட்டம் இறங்கி, கிணறு போய் ஆயிரம் அடி போர் வந்தது. பருத்திக் காடு சைட்டாக மாறியது. ஆலைகள் பலவும் மூடிக் கிடக்கின்றன.

இதில் யார்மேல் பழி போடுவது? தண்ணீரை உறிஞ்சினது நம்ம தோட்டத்து மோட்டாரும்தான், சைட்டுக்குக் காட்டை விற்றது நம்ம ஆட்களும்தான். அதனால் டவுனைத் திட்டினால் கிராமம் பிழைக்கும் என்று நான் நம்பலை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறவனுக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாலைப் பொழுதும் பிடிக்கலாம். பஞ்சைக் கொடுத்து பம்பு வாங்கின பூமி இது. விளைநிலத்தைக் காப்பது, நிலத்தடி நீரைக் காப்பது என்ற பேச்சையும் ரெண்டு பக்கமும் உட்கார்ந்துதான் பேசணும்.

உங்க தோட்டத்துக் கிணத்தில் கவலை எந்த வருஷம் நின்னுச்சு, மோட்டார் எப்போ ஓடுச்சுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதி வையுங்க. கவலை ஓட்டின கையோட சேர்ந்து அந்தக் கணக்கும் போயிட்டிருக்குதுங்க.