சரபஞ்சரம்: குணமடைந்தவள் திரும்பிய வீடு

மனப்பிறழ்வுற்ற கதைமாந்தர் ஒருவரைப் படைக்கும் நாவலாசிரியர் முதன்மையாக எதை ஆராய வேண்டும்? நோயின் குறிகளையா, நோயாளி திரும்பிவரும் வீட்டையா? கன்னட நாவலாசிரியர் திரிவேணியின் ‘சரபஞ்சர’ இக்கேள்வியை அணுகிய விதம் தமிழ் ஆய்வாளர்களின் கவனத்திற்கும் உரியது.

அனசூயா சங்கர் என்ற இயற்பெயர் கொண்ட திரிவேணி 1928இல் பிறந்தவர். மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பயின்றவர். லண்டனில் பயின்று திரும்பிய எம்.வி. கோபாலசுவாமி அக்கல்லூரியில் 1924இல் தொடங்கிய உளவியல் துறை இந்தியாவின் மிகப் பழைய உளவியல் துறைகளுள் ஒன்று. மனத்தை ஆய்வுப்பொருளாகக் கருதும் கல்வி மைசூர் அரசில் அவ்வளவு முன்னரே வேரூன்றியிருந்தது. பெங்களூரின் மனநோய்க் காப்பகம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியது. 1925இல் அதன் பெயர் ‘மனநல மருத்துவமனை’ என மாற்றப்பட்டது. 1954இல் அதனருகே அகில இந்திய மனநல நிறுவனம் அமைந்தது. 1974இல் இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. திரிவேணியின் நாவல்கள் பெரும்பாலும் வெளிவந்த 1950களில், பித்து என்பது மருத்துவத்துக்குக் கட்டுப்படும் நோய் என்ற எண்ணம் இப்பகுதியின் படித்த குடும்பங்களை எட்டத் தொடங்கியிருந்தது.

‘சரபஞ்சர’வின் நாயகி காவேரி மகப்பேற்றுக்குப் பின் மனநோய்க்கு ஆளாகிறாள். இந்நோய் ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் தோன்றுவது. பெரும்பாலும் குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரெனத் தொடங்குவது. பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்தோர் மார்சே 1858இலேயே கருவுற்ற, பிரசவித்த பெண்களின் மனநோய் குறித்துத் தனி நூல் எழுதினார். நம் மொழிகளும் இதனை அறிந்தே இருந்தன. கன்னடத்தில் ‘பாணந்தி சன்னி’. தமிழில் ‘பிரசவ சன்னி’. முக்குற்றங்களும் ஒருசேரக் கெடுவதைக் குறிக்கும் ‘சந்நிபாதம்’ என்ற வடசொல்லின் திரிபே சன்னி. ‘பைத்தியம்’ என்ற சொல்லுக்கும் பித்தமே மூலம். இரு சொற்களும் பிறப்பில் உடற்கோளாற்றைச் சுட்டியவை. ஆயினும் வழக்கில் அவற்றின் வினையமைப்பு வேறுபட்டது. சன்னி ‘கண்டது’ என்பர். அது வந்து நீங்கும். பைத்தியமோ ‘அவள் ஒரு பைத்தியம்’ என ஆளுக்கே பெயராகிறது. நோய்ப்பெயர் ஆட்பெயராக மாறும் அந்த இடமே காவேரியின் துயரம் தொடங்கும் இடமாகும்.

காவேரி சிகிச்சையால் குணமடைந்து வீடு திரும்புகிறாள். கதையின் கனம் அதன்பின்னரே கூடுகிறது. அவள் சிரித்தாலும் சினந்தாலும் அது பழைய நோயின் அறிகுறியாகவே வாசிக்கப்படுகிறது. உறவினர் அஞ்சி விலகுகின்றனர். கணவன் வேறொரு பெண்ணை நாடுகிறான். அவளுடைய நியாயமான கோபத்திற்கும்கூடப் பைத்தியம் என்பதே விளக்கமாகிறது. தன் அறிவுத்தெளிவை நாள்தோறும் மெய்ப்பித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலையில் எந்த மனமும் நிலைகுலையும். காவேரி மீண்டும் நோய்க்குள் தள்ளப்படுகிறாள். ‘சரபஞ்சர’ என்றால் அம்புகளாலான கூண்டு. அந்த அம்புகள் சுற்றத்தாரின் பார்வைகளே என்று தலைப்பைப் பொருள்கொள்ள நாவல் இடமளிக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ (1892) இங்கு ஒப்பிடத்தக்கது. மகப்பேற்றுக்குப் பின் தாம் உற்ற மனச்சோர்வையும், அதற்கு மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் விதித்த ஓய்வுச் சிகிச்சையையும் அடிப்படையாகக் கொண்டு அவர் அச்சிறுகதையை எழுதினார். அங்கு நோயாளியின் குரலே கதை, விசாரணைக்குள்ளாவது மருத்துவம். திரிவேணியின் படைப்பில் மருத்துவம் தன் கடமையை முடித்துவிடுகிறது. கூண்டில் நிறுத்தப்படுவது குடும்பம்.

திரிவேணி 1963இல், தமது 34ஆம் வயதில், மகப்பேற்றை அடுத்த சில நாள்களில் காலமானார். புட்டண்ண கணகால் இயக்கத்தில் கல்பனா நடித்து 1971இல் வெளிவந்த திரைப்படம் காவேரியைக் கன்னட நாடெங்கும் அறியச் செய்தது. நிறுவனங்கள் அவள் நிலையைக் கணக்கில் கொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின. தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒருங்கே வைத்துச் சிகிச்சையளிக்கும் தனிப்பிரிவு நிம்ஹான்ஸில் 2009இல் தொடங்கப்பட்டது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை இயல்பாகப் பிரிக்கலாகாது என 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வகுத்தது.

மருத்துவமனை வாயில் வரை சட்டம் துணை வரும். அதற்கப்பால், திரும்பி வந்தவளை வீடு எச்சொல்லால் அழைக்கிறது என்பதைச் சட்டத்தால் வகுக்க இயலாது. உளவியல் நாவல்களை ஆராய்வோர் நோய்க்குறிகள் மருத்துவ நூலோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பதோடு நின்றுவிடுவதுண்டு. குணமடைந்த கதைமாந்தரைப் பிற கதைமாந்தர் எப்பெயரால் சுட்டுகின்றனர், அப்பெயர் எந்த அத்தியாயத்தில் மாறுகிறது, மாறாமலே நிற்கிறதா என்பவற்றைத் தொகுத்தால், தமிழ் நாவல்களிலும் இத்தகைய கூண்டுகள் பல புலப்படக்கூடும்.