பெயரும் இலக்கமும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்னிட்டு ஒரு வரலாற்று நோக்கு

சென்ற ஆண்டு எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும். எம் வீடு திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்கு அணித்தாக உள்ளது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த காலை, எட்டு வயதுச் சிறுமியாயிருந்தவர் எம் அம்மம்மா. அவர் மறைவதற்குச் சில மாதங்களின் முன் யான் எடுத்த ஒலிப்பதிவு அண்ணரின் பழைய கணினியிலே இருந்தது. பட்டப்படிப்பு ஆய்வின்பொருட்டு அதனைத் தேடியபோது, என் கணினி அப்பெயருடைய கணினியைக் கண்டுபிடிக்க முடியவில்லை எனத் திரையில் அறிவித்தது. பழைய கணினியோ அடுத்த அறையில் விளக்கெரிய இயங்கிக்கொண்டிருந்தது. பதிவின் படி வேறெங்கும் இல்லை. அன்று மாலை அடைந்த கலக்கத்தை விரித்துரைப்பது ஈண்டு வேண்டற்பாலதன்று.

மனிதர் பெயரால் அழைப்பர். பொறிகள் இலக்கத்தால் அறியும். இவ்விரண்டனுக்கும் இடையே, இன்ன பெயர்க்கு இன்ன இலக்கம் எனக் காட்டும் ஓர் ஏடு வேண்டப்படுகின்றது. அவ்வேடு பழையதாயின், பெயரும் மெய்யாய், பொருளும் மெய்யாய் இருப்பினும் ஒன்று மற்றொன்றைச் சென்றடையாது. இவ்விடர்ப்பாடு கணினியோடு தோன்றியதன்று என்பதற்கு எம் துறைமுகமே சான்று பகரும்.

1782ஆம் ஆண்டினை நோக்குக. அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதனைத் தம் வசமாக்கினார். சென்னையிலிருந்து கோட்டைக்குத் துணைபுரிய விரைந்த ஹியூஸ் செப்டெம்பர் 2ஆம் நாள் வந்தடைந்தபோது, தம்முடையதெனக் கருதி வந்த துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருக்கக் கண்டார். மறுநாள் நிகழ்ந்த கடற்போரை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். எமக்கு வேண்டுவது போரன்று. போருக்கு முந்திய நாளே. ஓராண்டினுள் ஒரே பெயரின் பின்னே மூன்று ஆட்சிகள் மாறின, பெயர் மாறவில்லை, மாற்றச் செய்தி கடல்வழியே காற்றின் வேகத்திற்கு மேல் வரவும் இயலவில்லை. இவ்வொப்புமை முழுமையானதன்று என்பதை யான் அறிவேன். ஹியூஸ் இடந்தவறிச் செல்லவில்லை. சரியான இடத்திற்கே சென்றார். எனினும் நேற்றைய விடையை இன்றைய விடையாகக் கொள்ளும் இடர் இரண்டிடத்தும் ஒன்றே.

கப்பல்களுக்கு இலக்கம் வழங்கும் முறை 1817இல் செம்மையான வடிவம் பெற்றது. கப்டன் பிரெடரிக் மரியற், வணிகக் கப்பல்களுக்கென ஒரு சைகை நூலை அவ்வாண்டில் வெளியிட்டார். பத்து இலக்கக் கொடிகளும் சில வேறுபாட்டுக் கொடிகளும் அதற்குப் போதுமாயிருந்தன. தொலைவில் வரும் கப்பல் தன் இலக்கத்தைக் கொடிகளால் ஏற்றும். கரையிலுள்ளோர் நூலைப் புரட்டிப் பெயரை அறிவர். நூல் அச்சான பின் கட்டப்பட்ட கப்பலுக்கு அதில் இடமில்லை. மூழ்கிய கப்பலோ அடுத்த பதிப்பு வரும்வரை ஏட்டில் மிதந்துகொண்டே இருக்கும். 1857இல் பிரித்தானிய வணிகச் சபை வெளியிட்ட சைகைக் கோவை பதினெட்டுக் கொடிகளைக்கொண்டு கப்பல்களுக்கு நான்கெழுத்துக் குறிகளை வழங்கிற்று. குறிகள் பெருகின, ஏடு ஏடாகவே இருந்தது.

மரியற்றின் நூல் வெளிவந்த அதே 1817இல், ஒக்டோபர் 12ஆம் நாள், பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்குமரத்தாற் கட்டிய போர்க்கப்பலொன்று நீரில் இறக்கப்பட்டது. அதன் பெயர் 'திரிங்கோமலி'. ஹியூஸ் பொருத அப்போரின் நினைவாக எம் ஊர்ப்பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1897இல் அது விற்கப்பட்டு 'ஃபூத்ரொயான்' என்னும் வேறு பெயர் பெற்றது. 1992இல் பழைய பெயரை மீளப் பெற்றது. இன்று இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் நிற்கின்றது. இடையிட்ட காலத்துப் பதிவேடுகளில் 'திரிங்கோமலி'யைத் தேடுவோன் அக்கப்பல் அழிந்தது என்றே முடிவுகட்டக்கூடும்.

கணினி வலையமைப்பு இவ்வரலாற்றை மீண்டும் தொடக்கத்திலிருந்து நடத்திக் காட்டிற்று. 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்ப்பாநெற்றின் கணினிகளுக்குரிய பெயர்களும் இலக்கங்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டன. கலிபோர்னியாவில், ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையிலமைந்த தகவல் நிலையம் அதனைப் பேணிற்று. புதிய கணினியை இணைப்போர் அந்நிலையத்துக்கு அறிவிப்பர். ஏனையோர் கோப்பின் புதுப்படியை அவ்வப்போது பெற்றுக்கொள்வர். கணினிகள் சில நூறாயின காலத்து இம்முறை தளரலாயிற்று. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த பெயர்முறைமை (டி.என்.எஸ்.) ஏட்டைப் பல கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் அதற்குரியோரிடமே ஒப்படைத்தது. அதனினும் நுட்பமான ஒன்றுண்டு: ஒவ்வொரு விடையும் தான் எத்துணை நொடிகள் நம்பத்தக்கது என்னும் கால எல்லையைத் தன்னுடனே தாங்கி வருகின்றது. எல்லை கடந்ததும் மீண்டும் வினவ வேண்டும். மரியற்றின் நூலில் இல்லாதது இதுவே.

இலங்கைக்குரிய 'எல்.கே.' என்னும் ஈறு 1990இல் பதிவாயிற்று. 'இலங்கை' எனத் தமிழிலும் 'லங்கா' எனச் சிங்களத்திலும் எழுதப்படும் ஈறுகள் 2010இல் சேர்க்கப்பட்டன. எனினும் முறைமையின் உள்ளே தமிழ்ப் பெயர் உரோம எழுத்துக்களின் கோவையாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றது. கோகண்ண என மகாவம்சமும் கோணமாமலை எனச் சம்பந்தர் தேவாரமும் வழங்கிய ஊரைத் திரிங்கோமலி எனப் பிறர் எழுதியதனை ஒப்ப, இங்கும் எம் சொல் மாற்றுருவிலேயே ஏட்டில் ஏறுகின்றது. ஆயினும், வினவுவோன் தன் எழுத்திலேயே வினவலாம் என்பது சிறிய பேறன்று.

இனி எம் வீட்டிற்கு மீள்வோம். முதலில் பழைய கணினியை இலக்கத்தால் அழைத்துப் பார்த்தேன். ரவுட்டரின் பட்டியலில் அதன் இலக்கம் 192.168.8.104 எனக் காணப்பட்டது; அவ்விலக்கத்தை 'பிங்' கட்டளையால் அழைத்ததும் மறுமொழி வந்தது. ஆகவே பாதை செவ்விதே, பிழை பெயரில். அடுத்துப் பெயரால் அழைத்தேன். 192.168.1.12 என்னும் வேறோர் இலக்கத்தைக் காட்டிவிட்டுக் கணினி வாளாவிருந்தது. ரவுட்டரிடம் நேரே வினவும் 'என்எஸ்லுக்கப்' கட்டளையோ சரியான இலக்கத்தையே தந்தது. ஒரே பெயர்க்கு இரு விடைகள் வருமாயின், ஒன்று வேறோர் ஏட்டிலிருந்து வருதல் வேண்டும்.

அவ்வேடு என் கணினியினுள்ளேயே இருந்தது. ஃபைன்லர் அம்மையார் காலத்துக் கோப்பின் வழித்தோன்றல் 'ஹோஸ்ட்ஸ்' என்னும் பெயருடன் இன்றும் ஒவ்வொரு கணினியிலும் உறைகின்றது. பிறரிடம் வினவுமுன் கணினி அதனையே நோக்கும். 'என்எஸ்லுக்கப்' அதனை நோக்காது. முன்னொருகால் அண்ணர் வசதி கருதி அதில் ஒரு வரி எழுதியிருந்தார். பின்னர் ரவுட்டர் மாறிற்று. புதியது வேறு இலக்க வரிசையை வழங்கிற்று. அவ்வரி மட்டும் பழைய விடையையே கூறிக்கொண்டிருந்தது. அதற்குக் கால எல்லை ஏதும் இல்லை. வரியை நீக்கினேன். அந்தக் கணினிக்கு இலக்கம் இனி மாறாதிருக்குமாறு ரவுட்டரிலும் பதிந்து வைத்தேன். அண்ணரைக் குறைகூற எனக்கு மனமில்லை; அவர் எழுதிய நாளில் அது மெய்யே.

பதிவு பழுதின்றி இருந்தது. உடனே இரண்டு படிகள் எடுத்தேன். குண்டு வீழ்ந்த காலையைப் பற்றிப் பேசும் அம்மம்மா அதில் திகதி எதனையும் கூறவில்லை. "வருசப்பிறப்புக்கு நாலஞ்சு நாள் இருக்கேக்க" என்றே கூறுகின்றார். 1942 ஏப்ரல் 9 என அதன் அருகில் குறித்துக்கொண்டேன்.