304 ஆட்டத்துக்கு ஊரில் ஒரு மேசை: தொடங்குவதும் தொடர்வதும்

எங்கள் ஊர்களில் கடதாசி விளையாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது 304 தான். வாசிகசாலைத் திண்ணையிலும் செத்தவீட்டில் விழித்திருக்கும் இரவிலும் அதைக் காணலாம். எங்கள் சனசமூக நிலையத்தில் சில வருடங்களாக இந்த ஆட்டத்தை ஒழுங்குசெய்து வருகிறேன். தங்கள் ஊரிலும் தொடங்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

நால்வர் ஆடினால், ஏழு முதல் ஆஸ் வரையான 32 கடதாசிகள் போதும். எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 புள்ளிகள். எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. ஓர் இனத்துக்கு 76. நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. பெயர் வந்தது இப்படித்தான். முதல் நாலு கடதாசி கைக்கு வந்ததும் கேள்வி தொடங்கும். ஆகக் குறைந்த கேள்வி 160. மொத்தத்தில் பாதியான 152ஐ விடச் சற்றே கூட. கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். ஆறு பேர் என்றால் ஆறுகளையும் சேர்த்து 36 கடதாசி, மூவர் மூவராக இரண்டு கட்சி.

இந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் பார்த்துப் பழகியே கற்றோம். அதனால்தான் இடப்பெயர்வு இதையும் பாதித்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் வெறுமையானபோதும், 2009இல் வன்னிச் சனம் முகாம்களுக்குப் போனபோதும் மேசைகள் கலைந்தன. சோடியில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், ஒருவர் இல்லாமலே போனார். மீளக்குடியேறிய பின் வெவ்வேறு ஊரவர் ஒன்றாக இருந்தபோது முதலில் வந்தது சண்டைதான். கவிழ்த்த துரும்பை எப்போது திறப்பது என்பதிலேயே ஊருக்கு ஊர் வழக்கம் வேறு.

எங்களுக்குக் கைகொடுத்தவை இவை:

விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த ஊர் வழக்கம் சரி என்று வாதாடாமல், இந்த மேசையில் எது என்று மட்டும் தீர்மானியுங்கள்.

நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். எங்களுக்கு ஞாயிறு பின்னேரம் நாலு மணி. நாலு பேர் சேராவிட்டாலும் கதவு திறக்க வேண்டும்.

காசு வைக்க விடாதீர்கள். காசு வந்தால் வீட்டார் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள், பெண்களும் வரமாட்டார்கள்.

புதியவரைப் பழையவரோடு சோடி சேருங்கள். பிழையாகப் போட்டதற்கு ஆட்டம் முடியும்வரை ஏசக்கூடாது. முடிந்த பின் ஏன் என்று சொல்லிக் கொடுக்கலாம்.

வயதானவர்களுக்குக் கதிரையும் நல்ல வெளிச்சமும் முக்கியம். பெரிய எழுத்துக் கடதாசி கிடைத்தால் வாங்குங்கள்.

கடைசியாக, வரவைக் கவனியுங்கள். தனியே வாழும் முதியவர்கள் எங்கள் ஊரில் பலர். ஒருவர் இரண்டு கிழமை வராவிட்டால் அவருடைய சோடி வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சுவரில் எழுதப்பட்ட கடைசி விதி. அப்படிப் போனதால் காய்ச்சலோடு தனியே கிடந்த ஒருவரை நேரத்துக்கு ஆசுபத்திரியில் சேர்க்க முடிந்தது.